உஷார்! பக்கத்து இருக்கை காலி: கூரையில்லா காரில் ஐரோப்பா கிளம்புகிறவர்களுக்கு

ஆல்ப்ஸ் மலைச்சாலை, சிவப்பு நிற ஓப்பன் டாப் ஸ்போர்ட்ஸ் கார், காற்றில் பறக்கும் தலைமுடி, கூட யாருமில்லை. முப்பது நொடி வீடியோவாகப் பார்க்க இதைவிட அழகான காட்சி கிடையாது. மியூனிக்கில் இறங்கி, வாடகைக்குக் காரை எடுத்து, ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் என்று இரண்டு வாரம் சுற்றிவிட்டு வரலாம் என்று கோடை விடுமுறைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும், ஐம்பதைக் கடந்தும் ஆசை விடாத அண்ணன்மாருக்கும் சொல்கிறேன்: டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த வீடியோவில் காட்டாத சங்கதிகள் ஏராளம். சில பர்ஸைக் காலிசெய்யும். சில உயிருக்கே உலைவைக்கும்.

கார்ப் பயணம் அடிப்படையில் இரண்டு பேர் வேலை. ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் மேப் பார்ப்பார், போர்டு படிப்பார், டோலுக்குக் கார்டு எடுத்துக் கொடுப்பார், ஒருவர் பாத்ரூம் போகும்போது காருக்குக் காவல் இருப்பார், “ஏய், ரைட்ல போ!” என்று கத்துவார். தனியாகப் போகும்போது இத்தனை வேலையும் உங்கள் ஒருவர் தலையில். அதையும், கதவைப் பூட்டினாலும் திறந்தே கிடக்கிற ஒரு வண்டியில் உட்கார்ந்துகொண்டு செய்ய வேண்டும். கீழே வருகிற ஒவ்வொரு ஆபத்தும் இந்தக் காலி இருக்கையில்தான் தொடங்குகிறது.

கவுன்டரிலேயே கவிழ்பவர்கள்

இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் (ஐ.டி.பி.) கையில் இருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகம் வழியாக 1,000 ரூபாய்க் கட்டணத்தில் கிடைக்கும், ஓராண்டு செல்லும். அசல் உரிமம் கூட இல்லாவிட்டால் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பில்லை. இணையத்தில் ‘பத்து வருட சர்வதேச லைசென்ஸ், உடனே டெலிவரி’ என்று விற்கிறார்கள் பாருங்கள், அது வெறும் அட்டை. போலீஸிடம் நீட்டினால் உங்களுக்குத்தான் கேடு.

அடுத்தது வயது. சாதாரண கார் வாடகைக்கு 21 போதும் என்பார்கள். ஸ்போர்ட்ஸ் காருக்கு 25 அல்லது 30 வயது, உரிமம் வாங்கிச் சில ஆண்டுகள், சில இடங்களில் இரண்டு கிரெடிட் கார்டுகள் என்று கேட்பார்கள். டெபிட் கார்டைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். கார்டு ஓட்டுபவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். அப்பாவின் கார்டு செல்லாது. டெபாசிட்டாகச் சில ஆயிரம் யூரோக்களை முடக்கிவைப்பார்கள். உங்கள் கார்டின் லிமிட் அதிலேயே தீர்ந்துபோனால் அன்றிரவு ஓட்டலுக்கு எதைக் கொடுப்பீர்கள்? தனியாகப் போனவருக்குக் கைமாற்று கொடுக்கவும் ஆளில்லை.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் பிடியுங்கள். ஒன்று, எந்தெந்த நாட்டுக்கு அந்தக் காரைக் கொண்டுபோகலாம் என்பது. விலை உயர்ந்த கார்களுக்குக் கிழக்கு ஐரோப்பிய நாடுகளையும், சில சமயம் இத்தாலியையும்கூட மறுத்துவிடுவார்கள். அனுமதியில்லாத நாட்டில் விபத்து நடந்தால் காப்பீடு உங்களைத் திரும்பிப் பார்க்காது. எல்லையைத் தாண்டினால் காட்டிக்கொடுக்க ஜி.பி.எஸ். கருவி இருக்கும். இரண்டாவது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. மியூனிக்கிலிருந்து மிலானுக்கே ஏறக்குறைய 500 கி.மீ. தினசரி வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனி மீட்டர் ஓடும்.

காப்பீடு என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியடைய வேண்டாம். வழக்கமான வாடகைக் காப்பீட்டில் டயர், வீல், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கூரை ஆகியவை பெரும்பாலும் சேர்வதில்லை. தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காரில் அடிபடுவது அடிப்பாகம்தான். துணிக்கூரைக் காரில் கிழிவது கூரைதான். எதற்குப் பாதுகாப்பு தேவையோ அதற்குத்தான் பாதுகாப்பு கிடையாது. காரை எடுக்கும்போது கூரையை ஒருமுறை முழுதாக மூடித் திறந்து, அதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்படுத்துவார்கள், மசியாதீர்கள்.

பெட்டியை இந்த இடத்திலேயே அளந்துவிடுங்கள். மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரின் டிக்கி 130 லிட்டர்தான். விமானத்தில் செக்-இன் போடும் பெரிய சூட்கேஸ் அதற்குள் போகவே போகாது. பக்கத்து இருக்கையில் வைக்கலாம் என்று நினைப்பீர்கள். திறந்த காரில், ஊரறிய, பாஸ்போர்ட்டும் லேப்டாப்பும் உள்ள பெட்டியை வைத்துக்கொண்டு ஓட்டுவது திருடனுக்குத் தாம்பூலம் வைத்து அழைப்பது மாதிரி. மெத்தென்ற துணிப் பைகள் இரண்டு, அவ்வளவுதான் உங்கள் குடித்தனம்.

நான்காம் நாள் காலை

தமிழ்நாட்டில் இடதுபுறம் ஓட்டிப் பழகியவர், அங்கே வலதுபுறம் ஓட்ட வேண்டும். ஸ்டீயரிங் இடப்பக்கம். ரவுண்டானாவில் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. இதெல்லாம் தெரிந்ததுதானே என்பீர்கள். முதல் நாள் பயம் இருக்கும், கவனமும் இருக்கும்; ஒன்றும் ஆகாது. ஆபத்து, பழகிவிட்டது என்று மனம் தளரும் நான்காம் நாள் காலையில் வருகிறது. ஒரு பெட்ரோல் பங்க்கிலிருந்தோ காப்பிக் கடையிலிருந்தோ ஆளில்லாத சாலைக்குள் திரும்புகிறீர்கள். முன்னால் பின்பற்றிப் போக ஒரு வண்டியும் இல்லை. கை, பழைய பழக்கத்தில் இடப்பக்கம் இழுக்கும். எதிரே அடுத்த வளைவிலிருந்து ஒரு லாரி வரும்போதுதான் தெரியும். பக்கத்தில் கத்த ஆளிருந்தால் தப்பலாம். இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கின் நடுவில் ‘வலது’ என்று எழுதிய துண்டுச்சீட்டை ஒட்டிவைப்பதில் வெட்கமே வேண்டாம். ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள்.

லண்டன் தமிழர்களுக்கு இதே சிக்கல் வேறு வேஷத்தில். ஃபோக்ஸ்டனில் ரயிலில் ஏற்றி, 35 நிமிடத்தில் கலேயில் சொந்தக் காரோடு இறங்கிவிடலாம். ஆனால் ஸ்டீயரிங் வலப்பக்கம். முந்தும்போது எதிரே வருவது தெரியாது; பார்த்துச் சொல்ல இடப்பக்கம் ஆள் வேண்டும். பிரான்சின் டோல் பூத் மிஷினோ இடப்பக்கம் இருக்கும். தனியாக வந்தவர் பெல்ட்டைக் கழற்றி, இறங்கி, வண்டியைச் சுற்றி ஓட வேண்டும். பின்னால் இருப்பவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். அவசரத்தில் கார்டைக் கீழே போட்டவர்கள் உண்டு.

இன்னொன்று, பலர் அறியாதது. பிரான்சிலும் ஜெர்மனியிலும் போர்டு எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து ஒரு பாட்டி, இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் காரை நீட்டுவார். சட்டம் அவர் பக்கம்.

யாரும் கைகாட்ட மாட்டார்கள்

நம் ஊரில் தப்பு செய்தால் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்துவார். அங்கேயே வாக்குவாதம், அங்கேயே ரசீது, விஷயம் முடிந்தது. ஐரோப்பாவில் பல தப்புகளுக்கு உங்களை யாரும் நிறுத்தமாட்டார்கள். நீங்கள் ஊர் திரும்பி, போட்டோக்களைப் போட்டு, லைக் வாங்கி, எல்லாம் மறந்த பிறகு கடிதம் வரும்.

இதில் முதல் மரியாதை இத்தாலிக்கு. ஃப்ளாரன்ஸ், ரோம், பீசா, சியென்னா, பொலோனியா என்று பழைய நகரங்களின் மையப்பகுதியில் வெளியார் வண்டிகளுக்குத் தடை உண்டு. இசட்.டி.எல். என்பார்கள். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட ஒரு போர்டு, பக்கத்தில் ஒரு கேமரா. தடுப்புக் கம்பம், காவலர், எதுவும் இல்லாத இடங்களே அதிகம். மின்பலகையில் ‘வார்க்கோ அத்திவோ’ என்று எரிந்தால் கேமரா வேலை செய்கிறது, உள்ளே போகாதே என்று பொருள். ‘ஆக்டிவ்’ போலக் காதில் விழுகிறதே, திறந்திருக்கிறது போலிருக்கிறது என்று உள்ளே போனவர்கள் கணக்கில்லை. ஒவ்வொரு முறை நுழைவதும் தனித் தப்பு. தனியாக ஓட்டுகிறவர் ஓட்டலைத் தேடி அந்தத் தெருவை மூன்று முறை சுற்றினால் மூன்று அபராதம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. அதற்கு முன்பே, உங்கள் முகவரியைப் போலீஸுக்குக் கொடுத்த ‘சேவை’க்காக வாடகை நிறுவனம் உங்கள் கார்டிலிருந்து ஒரு தொகையை உருவியிருக்கும். அபராதம் வேறு, இது வேறு.

வழி உண்டு. ஓட்டல் அந்த எல்லைக்குள் இருந்தால், போவதற்கு முன்பே அவர்களை அழைத்து உங்கள் நம்பர் பிளேட்டைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, நகரத்துக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு டிராமில் போவது. ஃப்ளாரன்ஸின் சந்துகளில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுவதில் என்ன சுகம் இருக்கிறதென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நெடுஞ்சாலைக் கட்டணமும் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் கார்களுக்கு டோல் கிடையாது. அந்தச் சுகத்திலேயே எல்லையைத் தாண்டி ஆஸ்திரியாவுக்குள் போனால் வின்யெட் எனும் சாலை வில்லை வேண்டும். அதை வாங்கிவிட்டோம் என்று இன்ஸ்ப்ரூக்கிலிருந்து இத்தாலி நோக்கி ஏறினால், பிரென்னர் சாலைக்குத் தனிக் கட்டணம். சுவிட்சர்லாந்தில் ஒருநாள் ஓட்டினாலும் ஆண்டு வில்லைதான், 40 ஃப்ராங்க். இல்லாமல் பிடிபட்டால் 200 ஃப்ராங்க் அபராதம், அதற்கு மேல் வில்லையின் விலையும். டிஜிட்டல் வில்லையை அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது கூடுதல் காசு பிடுங்கும் இடைத்தரகர்களின் தளங்கள். நம்பர் பிளேட்டில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தாலும் வில்லை வாங்காததற்குச் சமம்.

பாரிஸிலிருந்து நார்மண்டிக்குப் போகும் ஏ13 சாலையில் இப்போது டோல் பூத்தே இல்லை. தலைக்கு மேலிருக்கும் கேமரா நம்பரைப் பிடித்துக்கொள்ளும். 72 மணி நேரத்துக்குள் நீங்களே தேடிப்போய்க் கட்ட வேண்டும். பூத் இல்லையே, இலவசம் போலிருக்கிறது என்று போய்விடாதீர்கள்.

இனி, வேகம். ஸ்போர்ட்ஸ் காரை எடுப்பதே அதற்குத்தானே என்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும். சுவிட்சர்லாந்தில் 2013 முதல் கடுமையான சட்டம் ஒன்று இருக்கிறது. 50 கி.மீ. எல்லையுள்ள ஊருக்குள் 100 தொட்டால், 80 எல்லையுள்ள கிராமப்புறச் சாலையில் 140 தொட்டால், அது அபராத விஷயமல்ல, கிரிமினல் வழக்கு. சிறைத்தண்டனை வரை போகும், காரையும் பறிமுதல் செய்யலாம். நீதிபதிகளுக்குப் பின்னாளில் கொஞ்சம் நெகிழ்வு தந்திருக்கிறார்கள்; அதை நம்பி யாரும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டாம். அங்கே பெரிய குற்றங்களுக்கு அபராதம் ஆளின் வசதியைப் பொறுத்தது. 2010இல் சான் காலென் மாநில நீதிமன்றம் ஃபெராரியில் பறந்த ஒரு கோடீஸ்வரருக்கு விதித்தது ஏறக்குறைய 3 லட்சம் ஃப்ராங்க். ஆஸ்திரியாவில் 2024 மார்ச் முதல், எல்லைமீறிப் பறக்கிறவரின் வண்டியை அந்த இடத்திலேயே பிடித்துவைக்கும் அதிகாரம் போலீஸுக்கு வந்துவிட்டது. வாடகை வண்டி என்றால் அது நிறுவனத்துக்குத் திரும்பிவிடும். நீங்கள் மலையடிவாரத்தில் இரண்டு துணிப்பையோடு நிற்பீர்கள்.

இத்தாலியில் கேமராவைக் கண்டதும் பிரேக் போடும் தந்திரமும் எடுபடாது. அங்குள்ள ‘டியூட்டர்’ முறை இரண்டு இடங்களுக்கு இடையே நீங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டுச் சராசரி வேகத்தைப் பிடிக்கிறது. கேமராவைக் காட்டிக்கொடுக்கும் செயலியைப் போட்டுக்கொள்ளலாம் என்றால், பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்றிலும் அதுவே குற்றம்.

சரி, ஜெர்மனியின் ஆட்டோபானில் வேக வரம்பே இல்லையே? உண்மைதான், சில பகுதிகளில். ஆனால் 130 கி.மீ. என்ற பரிந்துரை வேகம் உண்டு. அதற்கு மேல் போகும்போது அடுத்தவர் தப்பால் விபத்து நடந்தாலும், நஷ்டத்தில் ஒரு பங்கை உங்கள் தலையில் கட்டலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1992இலேயே சொல்லிவிட்டது. இடது லேனில் நீங்கள் 150இல் போய்க்கொண்டிருக்க, கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த கார் மூச்சு விடுவதற்குள் முதுகில் நிற்கும். திறந்த காரில் காற்றின் இரைச்சலில் அது வரும் சத்தம் கேட்காது. நெரிசலில் வண்டிகள் ஊர்ந்தாலே ஆம்புலன்ஸுக்கு நடுவில் வழிவிட்டு, இடது லேன்காரர் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்த பிறகு அல்ல, அதற்கு முன்பே. தவறினால் குறைந்தது 200 யூரோ அபராதமும் ஒரு மாத ஓட்டுநர் தடையும்.

நூர்பர்க்ரிங் பந்தயத் தடம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது, 20.8 கி.மீ., ஒரு ரவுண்டு போகலாமே என்று நாக்கு ஊறும். வாடகை ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருக்கும். மோதினால் காரோடு சேர்த்து, நசுங்கிய தடுப்புக் கம்பிக்கும், இழுத்துவந்த வண்டிக்கும், தடத்தை மூடிவைத்த நேரத்துக்கும் உங்களிடம்தான் பில் வரும்.

ஏறுவது சுலபம்

ஸ்டெல்வியோ கணவாய், 2,757 மீட்டர். பிராட்டோ பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகளையே பார்த்தாகிவிட்டது என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: இங்கே உங்கள் ஸ்டீயரிங்கும் சாலைப் பக்கமும் மாறியிருக்கின்றன. இறங்கும்போது ஆட்டோமேட்டிக் கியரை அப்படியே விட்டுவிட்டு பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால், பாதி மலையில் கருகல் வாடை அடிக்கும், பிறகு பெடல் மெத்தென்று உள்ளே போகும். எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் இறக்கத்தில் அது உதவாது. கியரைக் குறைத்து இன்ஜினால் வேகத்தைப் பிடியுங்கள். வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். அப்படி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இறுக்க வேண்டாம். ஆட்டோமேட்டிக்கை ‘பி’யில், மேனுவலைக் கியரில் விட்டாலே போதும்.

சுவிஸ் மலைச்சாலையில் மஞ்சள் நிறப் போஸ்ட் பஸ் வந்தால் வாதம் வேண்டாம். நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகுழல் போட்ட சாலைகளில் அதற்கே முன்னுரிமை. பின்னால் போ என்று அந்த டிரைவர் கைகாட்டினால் போகத்தான் வேண்டும். வளைவுக்கு முன் மூன்று ஸ்வரத்தில் அது ஊதும் ஹார்ன் ரொசீனியின் ‘வில்லியம் டெல்’ இசைநாடகத்திலிருந்து எடுத்தது. அதைக் கேட்கும்போது பாட்டுப் பெட்டியை அலறவிட்டிருக்காதீர்கள்.

மலை வானிலை தனி அத்தியாயம். ஜூலையில் போல்ட்ஸானோ பள்ளத்தாக்கில் 35 டிகிரியில் வியர்த்துக்கொண்டு கிளம்புகிறவர், ஸ்டெல்வியோ உச்சியில் அதைவிடப் பதினைந்து டிகிரிக்கு மேல் குறைவான குளிரில் டி-ஷர்ட்டோடு நடுங்குவார். மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம். கூரையை மூடலாமே என்றால், மின்சாரத்தில் இயங்கும் துணிக்கூரைகள் ஏறக்குறைய 50 கி.மீ. வேகத்துக்குக் கீழேதான் அசையும். மலைச்சாலையில் அதற்கு நேரமிருக்கும். இத்தாலிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே 50க்குக் குறைத்தால் பின்னால் வருபவர் உங்கள் மேல் ஏறிவிடுவார். ஆகவே, மேகம் கறுத்தாலே அடுத்த சர்வீஸ் ஏரியாவில் மூடிவிடுங்கள், முதல் துளிக்குக் காத்திருக்காதீர்கள். ஆலங்கட்டியை லேசாக எண்ண வேண்டாம். 2023 ஜூலை 24 அன்று வட இத்தாலியின் அத்ஸானோ தேச்சிமோவில் விழுந்த ஒரு கட்டி 19 செ.மீ. விட்டம், ஐரோப்பாவில் பதிவானதிலேயே பெரியது. தலைக்கும் அதற்கும் நடுவே உங்களுக்கு இருப்பது ஒரு துணி.

நீண்ட சுரங்கப்பாதைகளுக்குள் கூரையைத் திறந்துகொண்டு போகும் ஆசையை விட்டுவிடுங்கள். புகையும் வெப்பமும் நேராக உங்களுக்குத்தான். 11.6 கி.மீ. நீளமுள்ள மோன் பிளாங்க் சுரங்கத்தில் 1999 மார்ச் 24 அன்று ஒரு லாரி தீப்பற்றி 39 பேர் இறந்தார்கள். 2001 அக்டோபரில் காட்ஹார்ட் சுரங்கத்தில் 11 பேர். அதன் பிறகே மோன் பிளாங்கில் முன் வண்டிக்கும் உங்களுக்கும் 150 மீட்டர் இடைவெளி என்பதைக் கறாராகக் கேட்கிறார்கள். நின்றுவிட்டால்கூட இடைவெளி வேண்டும். பின்னால் இருப்பவர் முறைத்தால் முறைக்கட்டும். கோடையில் காட்ஹார்ட் சுரங்க வாயிலில் கிலோமீட்டர் கணக்கில் வண்டிகள் நிற்கும். கணவாய் திறந்திருக்கும் மாதமென்றால் மேலே 2,106 மீட்டர் உயரத்துச் சாலையில் ஏறிவிடலாம். தெற்கே இறங்கும் பழைய திரெமோலா கல்பாவிய சாலை, இந்த மாதிரிக் காருக்காகவே போட்டது போலிருக்கும். பயமுறுத்தும் கட்டுரையில் இந்த ஒரு ஆசையைக் காட்டியதற்கு மன்னிக்கவும்.

வெயிலைப் பற்றி நம்மவர்களுக்கு ஓர் இறுமாப்பு உண்டு. மதுரை வெயிலையே பார்த்தவனுக்கு ஆல்ப்ஸ் வெயிலா என்று. காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் சூடு உறைக்காது; புற ஊதாக் கதிரோ ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் பத்து சதவீதம் அளவுக்கு ஏறுகிறது, பனி அதைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. மாலையில்தான் தோல் எரியும், தலை கிறுகிறுக்கும். கீழே தெற்கில் நிலைமை வேறு: சிசிலியில் 2021 ஆகஸ்டில் 48.8 டிகிரி பதிவானது. அங்கே நெரிசலில் கூரையில்லாமல் ஒரு மணி நேரம் சிக்கினால் மயங்கி விழ ஆள் நீங்கள்தான், பிடிக்கவும் நீங்கள்தான். தொப்பி, கூலிங் கிளாஸ், கைக்கெட்டும் தண்ணீர். கூலிங் கிளாஸ் அழகுக்கல்ல, 80 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டு கண்ணில் மோதினால் அடுத்த மூன்று நொடி வண்டியை ஓட்டுவது யார்?

திறந்த வண்டியும் திறந்த கைகளும்

பிரெஞ்சு எல்லையிலிருந்து பார்சிலோனா, வாலென்சியா என்று கடலோரமாக இறங்கும் ஸ்பெயினின் ஏபி-7 நெடுஞ்சாலை, வாடகைக் கார்களைக் குறிவைக்கும் கொள்ளையருக்குப் பேர்போனது. பக்கத்தில் ஒரு கார் வரும், உள்ளிருப்பவர் உங்கள் டயரைக் காட்டிப் பதறுவார். நீங்கள் ஓரங்கட்டுவீர்கள். ஒருவர் டயரைப் பார்க்கக் கூட்டிப்போவார், இன்னொருவர் பையைத் தூக்குவார். சில சமயம் சர்வீஸ் ஏரியாவில் நீங்கள் காப்பி குடிக்கும்போதே டயரில் குத்திவிட்டு, பின்தொடர்ந்து வந்து ‘உதவி’ செய்வார்கள். இருவராக இருந்தால் ஒருவர் காரில் உட்கார்ந்திருக்கலாம். தனியாளுக்கு விதி ஒன்றுதான்: யார் என்ன சைகை காட்டினாலும் ஓரத்தில் நிற்காதீர்கள். மெதுவாக ஓட்டி, ஆள்நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடம் வரை போங்கள். சந்தேகமாக இருந்தால் 112. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அதே எண்.

பாரிஸ் விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் ஏ1 சாலையின் சுரங்க நெரிசலில் கார்க் கண்ணாடியை உடைத்துப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் கும்பல்கள் உண்டு. உங்கள் காரில் உடைப்பதற்கே ஒன்றுமில்லை. நேப்பிள்ஸ், மார்சேய், பார்சிலோனா என்று எந்தப் பெருநகருக்குள் நுழைந்தாலும் கூரை மூடியிருக்கட்டும். நிறுத்திவைத்த துணிக்கூரைக் காரைத் திறக்கத் திருடனுக்கு ஒரு பிளேடு போதும். அதனால்தான் பழைய கன்வெர்ட்டிபிள் உரிமையாளர்கள் சிலர் உள்ளே ஒன்றுமே வைக்காமல் கதவைப் பூட்டாமலே விட்டுப்போவார்கள். கூரை மாற்றும் செலவுக்கு அது மேல். வாடகைக் காரில் அந்தப் பெருந்தன்மை வேண்டாம், காப்பீட்டுக்காரர் ஏற்கமாட்டார். பாஸ்போர்ட் எப்போதும் உடம்போடு இருக்கட்டும். பக்கத்து இருக்கையில் வைத்தால் திருடன்கூட வேண்டாம், காற்றே கொண்டுபோய்விடும்.

இப்போது ருமேனியா. 2,042 மீட்டர் உயரத்தில் பலேயா ஏரிக்குப் போகும் டிரான்ஸ்ஃபகராசான் சாலையை 2009இல் ஒரு பிரிட்டிஷ் டி.வி. நிகழ்ச்சி புகழ்ந்து தள்ளியதிலிருந்து உலகத்து ஸ்போர்ட்ஸ் கார்களெல்லாம் அங்கே. கூடவே கரடிகளும். கார் கண்ணாடி வழியே பிஸ்கட் போட்டுப் பழக்கியதால் சாலையோரத்தில் வந்து உட்கார்ந்து காத்திருக்கின்றன. 2025 ஜூலையில் கரடிகளோடு படமெடுத்துக்கொண்ட இத்தாலிய மோட்டார் சைக்கிள் பயணி ஒருவரைக் கரடி இழுத்துப்போய்க் கொன்றது. மற்றவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்க்கிறார்கள். உங்களிடம் ஏற்றுவதற்குக் கண்ணாடி இருக்கிறது, அதற்கு மேலே ஆகாயம்தான் இருக்கிறது. கரடி நடமாடும் காட்டுப் பகுதி தொடங்குவதற்கு முன்பே கூரையை மூடுங்கள். செல்ஃபிக்கு மட்டும் ஒரு நொடி திறக்கிறேன் என்பது அந்தச் சாலையில் பேசும் பேச்சல்ல.

பெட்ரோல் போடும்போது ஒரு சின்ன விஷயம். ஸ்பெயினில் ‘கசொலினா’ பெட்ரோல், ‘கசோலியோ’ டீசல். அவசரத்தில் குழம்பாமலிருக்க, 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்க்குகளில் ஒட்டியிருக்கும் குறியைப் பாருங்கள்: வட்டத்துக்குள் ‘இ’ இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் ‘பி’ இருந்தால் டீசல். ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சு கிராமப்புறத்தில் ஆளில்லாப் பங்க்குகள்தான் இருக்கும். நம் ஊர்க் கார்டை அந்த மிஷின்கள் சில சமயம் ஏற்காது. சனிக்கிழமை மாலையே டாங்க்கை நிரப்பிவிடுங்கள்.

கடைசி நாள். விமானத்துக்கு நேரமாகிறது, வாடகை அலுவலகம் மூடியிருக்கிறது, சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடலாம் என்றிருக்கும். மறுநாள் காலை ஊழியர் வந்து பார்க்கும்வரை அந்தக் கார் உங்கள் பொறுப்பு. ராத்திரியில் யாராவது கீறினாலும் உங்கள் கணக்கில்தான். அலுவலகம் திறந்திருக்கும் நேரத்திலேயே ஒப்படைத்து, ஊழியர் கையெழுத்தோடு ‘சேதம் இல்லை’ என்ற சீட்டை வாங்குங்கள். கூரை, நான்கு வீல்கள், கிலோமீட்டர், பெட்ரோல் முள் எல்லாவற்றையும் தேதி தெரிய வீடியோ எடுங்கள். டோல், வில்லை, பார்க்கிங் ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் ஓராண்டு வைத்திருங்கள். டெபாசிட் திரும்பிவிட்டதென்று கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். இத்தாலிக்கு இன்னும் 360 நாள் இருக்கிறது.